ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கை

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து இது மூன்றாவது கூட்டம். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கட்டிலை மொய்த்துக்கொண்டு, தாளம் தப்பித் துடிக்கும் தம்பியின் நாடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னல் வரை போய்த் திரும்பினாள்.

"இவன் என்ன கண்காட்சிப் பொருளா? பார்த்ததையே எத்தனை தடவை பார்ப்பீங்க?"

"விடுக்கா, நம்மால நாலு பேரு டாக்டராகட்டுமே," என்று தம்பி சிரித்தான். "எங்கக்கா எப்பவுமே இப்படித்தான் சார். கால்ல சக்கரம், நெஞ்சுல படபடப்பு."

பேராசிரியர் அவள் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்கம்மா. கொஞ்சம் கை குடுங்க. நல்லா இருக்கறவங்க நாடியும் இவங்களுக்குத் தெரியணுமில்ல?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பாருங்க," என்று வெடுக்கென்று கையை நீட்டினாள்.

ஒரு மாணவி விரல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. தம்பியின் கையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "சார்..." என்று இழுத்தாள்.

பேராசிரியர் தாமே அக்காவின் கையை வாங்கி வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு தணிந்த குரலில், "கொஞ்சம் உக்காருங்கம்மா," என்றார்.

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.