யாரு வூட்டுப் பொண்ணு

மல்லிநாதனின் மண்டியில் கூலியாள் வராத நாட்களில் மணிலாக் கடலை மூட்டைகளை நகர்த்துவது அவருடைய இளைய மகள் அனந்தமதிதான். பதினைந்து வயசு. "எம் பொண்ணு கை இரும்புடி" என்று பெண்டாட்டியிடம் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. எல்லாம் வீட்டுக்குள் மட்டும்.

அறுபத்து நாலில், செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் முதல் தடவையாகப் பெண்களுக்கும் குண்டு எறியும் போட்டி வைத்தார்கள். "நீ வந்து பாக்கணும் நைனா" என்றாள் அனந்தமதி. "வராம எங்க போறேன்" என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுக்க என்ன செலவு!

போனார். போன இடத்தில் வல்லத்துக் குணபாலன், அவரும் ஜைன நைனார்தான், வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மகனுக்கு மூத்தவள் ராஜமதியைக் கொடுக்கத் தரகர் மூலம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இளையவளை அவர் இன்னும் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியில் அனந்தமதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தவள், இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்து ஒரே வீச்சு வீசினாள். மற்றவர்கள் குண்டெல்லாம் பாதி தூரத்திலேயே விழுந்திருந்தன. கூட்டம் கத்தியது.

"இன்னா நைனாரே, ஆம்பளையாட்டம் எறியறா!" என்று சிரித்தார் குணபாலன். "பேரக் கேட்டா நம்ம ஜனமாட்டம் இருக்குது. யாரு வூட்டுப் பொண்ணு?"

"தெரியலீங்களே" என்றார் மல்லிநாதன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கைப் புத்திகூட அவருக்கு அன்று இல்லாமல் போயிற்று. சம்பந்தம் கூடினால் இளையவளை எந்தப் பானையில் போட்டு மூடுவது என்றாவது யோசித்திருக்க வேண்டாமா?

திரும்பிப் பார்த்தார். நைனாவிடம் சொல்ல மூச்சிரைக்க ஓடி வந்த மகள் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அணைந்தது. மற்ற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். மல்லிநாதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து போய்க் கூப்பிடவில்லை.

பரிசு கொடுக்கும்போது டீச்சர், "அனந்தமதியோட அப்பா வந்திருந்தா மேடைக்கு வாங்க" என்றார். இப்போது எழுந்தால்கூடப் போதும். மல்லிநாதன் எழவில்லை.

"வரலீங்க டீச்சர்" என்று அனந்தமதியே சொன்னாள். "எங்க நைனாவுக்கு மண்டியில வேல." கூட்டத்தின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. பெற்றவன் மானத்தைப் பெண் காப்பாற்றிவிட்டாள்.

குணபாலன் ஓயாமல் கைதட்டினார். "என்னா கை நைனாரே! இப்படி ஒரு பொண்ணப் பெத்துட்டு வந்து பாக்காம மண்டியில குந்திக்கினு கீறானே, அவன்லாம் ஒரு தகப்பனா, சொல்லுங்க?"

"இல்லீங்க" என்றார் மல்லிநாதன்.