மறு உத்தரவு வரும் வரை

புயலுக்கு விடுமுறை விடும் உத்தரவு, புயல் போன மறுநாள் வந்து சேர்ந்தது.

சர்க்கார் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவர்கள் கொடுத்த சம்பளத்தில்தான் சாப்பிட்டேன். ஆனாலும் ஓடுகள் பறந்து, கரும்பலகை இரண்டாகப் பிளந்து, பள்ளிக்கூடத்துக்குள் பதினோரு குடும்பங்கள் ஆட்டுக்குட்டிகளோடு குடியேறிவிட்ட பிறகு, தலையாரி ஒரு நனைந்த காகிதத்தை நீட்டி, “இன்னைக்கிலேருந்து பள்ளிக்கூடம் லீவாம் சார், டவுன்லேருந்து குடுத்துவிட்டாங்க” என்றால் சிரிப்பதா, அழுவதா? வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். எங்கள் இலாகா வெள்ளம் வடிந்த பிறகுதான் அணைக்கே காகிதம் போடும்.

1955, கார்த்திகை மாதம். வல்லத்திராக்கோட்டையிலிருந்து கிழக்கே நாலு மைல் உள்ளே தள்ளிய ஊர். எட்டாம் வகுப்பு வரை உள்ள போர்டு ஸ்கூல். நான், ரெங்கராஜ், அதன் ஹெட்மாஸ்டர். எனக்குக் கீழே இருந்த இரண்டு வாத்தியார்களும் டவுனிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். ஊரோடு தங்கியிருந்தவன் நான் ஒருவன்தான்.

உத்தரவில் மூன்று விஷயங்கள் இருந்தன. மறு உத்தரவு வரும் வரை பள்ளிகள் எல்லாம் மூடப்படும். சனிக்கிழமை நடக்கவிருந்த மாணவியர் தேர்வு தள்ளி வைக்கப்படுகிறது, புதிய தேதி தபாலில் தெரிவிக்கப்படும். தலைமை ஆசிரியர்கள் ஊரை விட்டு எங்கும் போகக் கூடாது. முதல் இரண்டையும் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். மூன்றாவதை வாசிக்காமல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தேர்வு கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கென்று அந்த வருஷம் வைத்தது. தேறினால் புதுக்கோட்டையில் விடுதியில் சேர்த்துச் சோறு போட்டு ஹைஸ்கூல் படிக்க வைப்பார்கள், பிறகு டீச்சர் டிரெயினிங். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்ததே ஒரே ஒரு பெண், கண்ணாத்தாள். நான் பலகையில் போட்ட வட்டிக் கணக்கு தப்பென்று ஒரு நாள் எழுந்து நின்று சொன்னவள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தால் தப்புதான். அன்றிலிருந்து அவளை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்வதை ஒரு வேண்டுதல் மாதிரி செய்துவந்தேன்.

அவள் அப்பன் அழகுமலையை மசிய வைக்கத்தான் மூன்று மாதம் ஆனது. கடைசியில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டே சொன்னார்.

“நீங்க இம்புட்டுச் சொல்றீங்க வாத்தியாரய்யா, ஒங்க வார்த்தைக்கு மதிப்புக் குடுக்குறேன். தேறிட்டான்னா அனுப்பி வைக்கிறேன். இல்லைன்னா தையில எங்கக்கா மகன் சேவுகனுக்குக் கட்டிக் குடுத்துருவேன். அப்பறம் என்னையக் கொற சொல்லப்படாது.”

அழகுமலை சொன்ன சொல் மாறாதவர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உத்தரவை வாசித்து முடித்ததும் கண்ணாத்தாள்தான் முதலில் வந்தாள். “தேதி எப்ப சார் வரும்?”

“வரும் ஆத்தா. புயலுக்கு லீவு விடவே புயல் போக வேண்டியிருந்துச்சு. தேதி வர ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் பின்னக் கணக்கைப் பாரு.”

அப்படித்தான் நான் உண்மையிலேயே நம்பினேன்.

இலுப்பூரில் மாமனார் வீட்டில் என் மனைவி அமராவதிக்குப் பையன் பிறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. தலைப்பிள்ளை. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. இரண்டு தடவை லீவு கேட்டு எழுதினேன். இரண்டு தடவையும் ‘தேர்வு நெருங்குவதால் இயலாது’ என்று பதில் வந்தது. இப்போது தேர்வும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இடிந்த கட்டடத்துக்குக் காவல் கிடப்பதற்கு நான் என்ன நாயா என்று நினைத்தேன். நாலே நாள், யாருக்குத் தெரியப்போகிறது? சனிக்கிழமை விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டேன்.

போகும் வழியில் கண்ணாத்தாள் வேலியோரம் விழுந்து கிடந்த முருங்கை மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். “நாலு நாள்ல வந்துருவேன்” என்றேன். “சரிங்க சார், பாத்துப் போங்க, அங்கிட்டு ஓடையில இழுப்பா இருக்கும்” என்றாள்.

பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாலு நாள் ஒன்பது நாள் ஆனது. வெள்ளம் பாதையை அறுத்துவிட்டது, பஸ் ஓடவில்லை என்று மாமனாரிடம் சொன்னேன். அமராவதியிடமும் சொன்னேன். பஸ் ஐந்தாம் நாளே ஓட ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் திங்கட்கிழமை புறப்பட்டேன். புதுக்கோட்டையில் இறங்கும்போது மணி பத்து. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றைத் தாண்டித்தான் அடுத்த பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். வராந்தா முழுக்க வரிசையாகப் பெண்பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அம்மாக்கள் தூக்குவாளியோடு காத்திருந்தார்கள். டவுனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நமக்குத்தான் எல்லாம் தாமதம் என்று நினைத்துக்கொண்டு எதிர்க்கடையில் காப்பி குடித்தேன். அந்தக் காப்பியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. நன்றாகவே இருந்தது.

ஊர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பள்ளிக்கூடத்துப் படியில் கண்ணாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கட்டைப் பேனா, மைக்கூடு, அட்டை. என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

“சார், தபால் வந்துருச்சு சார்! வியாழக்கெழமையே வந்துருச்சு. ஒங்க கையெழுத்து இல்லாமக் குடுக்க மாட்டேங்குறாரு!”

சொல்லி வாய் மூடவில்லை, தபால்காரர் பிச்சைமுத்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பையிலிருந்து நீளமான சர்க்கார் கவரை எடுத்தார்.

“ரிஜிஸ்டர் தபால் சார். ஹெட்மாஸ்டர் கையில தவிர குடுக்கக் கூடாது, ரூல் அப்படி. நாலு நாளா இந்தப் புள்ள என்னையப் பாடாப் படுத்திருச்சு. நேத்து ஞாயித்துக்கெழமை, எங்க வீட்டுக்கே நடந்து வந்துருச்சு. நான் கையெழுத்துப் போடுறேங்குது. முடியாது ஆத்தான்னேன். சரி, ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுத் தாரேன்னுச்சு. பாவமா இருந்துச்சு, குடுத்தேன். தொட்டுப் பாத்துட்டு அப்படியே திருப்பிக் குடுத்துருச்சு.”

தபால்காரர் ரூலை மீறவில்லை. அந்தப் பெண்ணும் மீறவில்லை. ரூலை மீறியவன் நான் ஒருவன். கையெழுத்துப் போட்டேன். பிச்சைமுத்து போனார்.

இங்கிலீஷில் டைப் அடித்த நாலு வரி. தேர்வு பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணி. அன்றைக்குத்தான் பன்னிரண்டு. காலையில் நான் தாண்டி வந்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெயரும் அதில் இருந்தது. என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் எங்கள் இலாகா சுறுசுறுப்பாக வேலை பார்த்தது.

“என்னைக்கு சார்?”

காகிதத்தை மடித்தேன். அவள் கண் அந்தக் காகிதத்தை விட்டு அசையவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

“ரத்துப் பண்ணிட்டாங்க ஆத்தா. இந்த வருஷம் பரீட்சையே கெடையாதாம்.”

“யாருக்குமா சார்?”

“யாருக்கும்.”

“டவுன் புள்ளைகளுக்கும்?”

“அவங்களுக்கும்.”

“அப்பச் சரி சார்” என்று பேனா முள்ளைப் பாவாடை ஓரத்தில் துடைத்தாள். மைக்கூட்டை இறுக மூடினாள். “எனக்கு மட்டும் போயிருச்சோன்னு நாலு நாளாச் சோறு எறங்கலை. எல்லாருக்கும் இல்லைன்னா என்ன செய்யிறது? நீங்க வருத்தப்படாதீங்க சார். ஒங்க மொகமே வாடிப் போச்சு.”

மறுநாளே டவுனுக்கு ஓடி அதிகாரி காலில் விழுந்திருக்கலாம். ஒரு பெண்ணுக்காக இன்னொரு முறை வைப்பார்களோ மாட்டார்களோ, கேட்டாவது இருக்கலாம். ஆனால் கேட்டால், தபால் ஏன் நாலு நாள் கிடந்தது என்று அவர் கேட்பார். பையன் என் விரலைப் பிடித்தது ஞாபகம் வந்தது. போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

புதன்கிழமை மறு உத்தரவு வந்தது, பள்ளிக்கூடம் திறந்தோம். அடுத்த வாரம், உங்கள் பள்ளி மாணவி தேர்வுக்கு வராத காரணம் என்ன என்று மெமோ வந்தது. ‘வெள்ளத்தால் பாதை இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தது.

அழகுமலையிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகள் சொல்லியிருந்தாள். “நீங்களும் எம்புட்டோ பாடுபட்டீங்க வாத்தியாரய்யா. சர்க்காரே இல்லைன்னுருச்சு, நாம என்ன செய்ய?” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். பாருங்கள், அப்போதும் என் கணக்கு அப்படித்தான் ஓடியது.

தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். சேவுகன் கூச்சத்தோடு தள்ளி நின்றான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். மாலையும் கழுத்துமாக இருந்த கண்ணாத்தாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“சார், இங்கிட்டு வாங்க சார். நான் பரீட்சையில பெயிலாப் போயித்தான் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டேன்னு இவங்க கேலி பண்றாங்க. நீங்களே சொல்லுங்க சார்.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் அம்மா மூக்காயி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

“பெயில் இல்லை” என்றேன். “எழுதியிருந்தா முதல்ல வந்திருக்கும். பரீட்சையே நடக்கலை. புயல்.”

கண்ணாத்தாளின் முகம் அப்படி மலர்ந்தது.

“பாத்தீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேன்னீங்க. எங்க சார் பொய் சொல்ல மாட்டாரு.”

மூக்காயி என் கையில் சந்தனம் பூசி, பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.