லவினா நினைவு ஊக்க உரை

லவினா இறந்து நான்கு மாதம் கழித்துக் கல்லூரி முதல்வர் சுந்தரராஜ் போன் செய்தார். அவள் நினைவாக மாணவர்களுக்கு ஊக்க உரை ஏற்பாடு செய்கிறார்களாம். நான் மேடையில் உட்கார வேண்டுமாம்.

என் மனைவி லவினா அங்கே புள்ளியியல் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வகுப்பில் பாதிக்கு மேல் ஃபெயில்.

"பசங்களுக்கு ஆர்வமே இல்ல தம்பி," என்றார்.

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை உறுத்தியது. நான்கு மாதமாக எனக்கு எதுவும் உறைத்ததில்லை.

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் தொழிலாளர் லைனின் கடைசி வீட்டுப் பெண் இந்து. லவினா பாடம் எடுத்தபோது எண்பது வாங்கியவள். இப்போது அவளும் ஃபெயில். "இன்னொரு தபா போச்சுன்னா என்கூட கார்மென்ட்ஸுக்கு வந்துடு," என்று அவள் அம்மா கங்கம்மா சொல்லிவிட்டார்.

மேடையில் லவினா படத்துக்குப் பெரிய மாலை. உயிரோடு இருந்தபோது ஸ்டாஃப் ரூமில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இல்லை.

பெங்களூரிலிருந்து வந்த பேச்சாளர் கத்தினார்: "உங்களுக்குள்ள தங்கம் இருக்கு. தோண்டுங்க!"

"தோண்டலாம் சார். கேஜ் இல்லாம ஷாஃப்ட்ல எப்படி எறங்கறது?" என்றது பின்வரிசைக் குரல். கூடம் சிரித்தது. ஆளைச் சுரங்கக் குழிக்குள் இறக்கும் கூண்டுதான் கேஜ் என்பது பேச்சாளருக்குப் புரியவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனான முதல்வருக்குப் புரிந்தது.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை இறக்கி முன்வரிசையில் இருந்த இந்துவிடம் கொடுத்தேன்.

"பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு சார். ஸ்டாட்ஸ் யாரு எடுப்பாங்க?"

"இன்னாம்மா, இப்ப அதுவா பேச்சு? உக்காரு," என்றார் முதல்வர்.

"தெனம் வந்து காலி போர்டப் பாத்துக்கினு குந்தியிருக்கோம். எங்களுக்கா சார் ஆர்வம் இல்ல?"

"நீங்களே ஸ்டாட்ஸ் வாத்தியார்தானே சார்!" பின்வரிசை விடவில்லை. "கேஜ் ரெடி!" கூடம் கைதட்டியது.

உண்மைதான். முதல்வரின் பாடமும் புள்ளியியல்தான்; வகுப்புக்குள் போய்ப் பல வருடம். கைதட்டல் அடங்காததால், "சரி, திங்கக்கெழம நானே எடுக்கறேன்," என்றார்.

நான் நம்பவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வகுப்பு வாசலில் நின்றேன். இந்து முதல் பெஞ்சில் இருந்தாள். முதல்வர் தாமதமாக வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"சாக்பீஸ் கொண்டாரல தம்பி. எடுத்துக்கினு வந்துடறேன்."

போனால் வரமாட்டார். கல்லூரியில் கேட்டால் கிடைக்காது என்று லவினா சாக்பீஸைத் தானே வாங்கி வைத்துக்கொள்வாள். நான்கு மாதமாகத் தொடாத அவள் கைப்பையை அன்று காலைதான் திறந்திருந்தேன்.

அதிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"உள்ள போங்க சார். பெல் அடிக்கிறவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."