மூணாம் மாடியில் ஒரு சிவப்புக் கோடு

...நிறுத்துங்கன்னு சொன்னது நான்தானா, என் வாய்தானா அது, கீழே கான்கிரீட் லாரி நாலு உறுமிக்கிட்டு நிக்குது, ஒன்றரை மணி நேரத்துல கொட்டலைன்னா அத்தனையும் வீண், சீஃப் என்ஜினியர் பார்க்கிற பார்வையில நான் இன்னும் சாம்பலாகாம நிக்கிறதே ஆச்சரியம், "இது மட்டும் தப்புன்னு ஆகட்டும், உன் வரைபடத்தை மூட்டை கட்டிடும்மா, பழைய நோட்டே போதும்"ங்கிறார், எட்டு மாசம் சார், எட்டு மாச உழைப்பு... இந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துல கம்பி கட்டுறவர், கரண்ட்காரர், குழாய் போடுறவர்னு ஒருத்தர் விடாம பின்னாலேயே அலைஞ்சேன், உங்க வேலைக்கு முன்னாடி யார் என்ன சொல்லணும், உங்க வேலை மாறினா யாருக்குத் தெரியணும்னு பிடுங்கி எடுத்தேன், தொணதொண அக்கான்னு பட்டப்பேரு வேற, போகட்டும், ஒருத்தருக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியணும்னு அத்தனையையும் கம்ப்யூட்டர்ல கோடு கோடா இழுத்துக் கோத்து வச்சேன், அதுல இப்போ ஒரு கோடு சிவப்பு, ஒண்ணு மாறி அதோட சேர்ந்தது மாறலைன்னு அர்த்தம், போன வாரம் டாக்டர்கள் ஆபரேஷன் அறையை நகர்த்தச் சொன்னாங்க, கட்டடப் பிளான்ல அறை நகர்ந்தாச்சு, அதுக்கு மேல தளத்துல காற்றுக்குழாய்க்கு விடுற ஓட்டை நகரலை... ஐயோ, கோட்டை நானே தப்பா இழுத்திருந்தா?

"வாம்மா, ஏறிப் பார்த்துடுவோம்"னு மேஸ்திரி முன்னால போறார், இவர்தான் என்னை அதிகமா ஓட்டுறவர், கைப்பிடி இல்லாத படி, டேப்போட ஒரு முனையை அவர் பிடிக்கிறார், மறுமுனையை நான், கண்ணை மூடிக்கலாமா, வேண்டாம், பாரு, பாருடி... பத்தடி வித்தியாசம்! ஓட்டைக்கு வச்ச மரப்பெட்டி பழைய இடத்துலயே குந்தியிருக்கு! "அடேயப்பா, கொட்டியிருந்தா உடைச்சு மாளாதே"ங்கிறார், அறை நகர்ந்த சேதி இவர் காதுக்கு வரவே இல்லையாம், யாரும் சொல்லலையாம், என் வரைபடம் சொல்லிடுச்சே சாமி, ஜெயிச்சுட்டேன், இந்தக் கம்பிகளுக்கு நடுவுல குதிச்சு ஆடினா விழுந்துடுவேன், இல்லைன்னா ஆடியிருப்பேன்.

சீஃப் மேல வந்து தானே ஒரு தடவை அளந்தார், அப்புறம் கீழே எட்டிப் பார்த்து "லாரியைச் சுற்றுச்சுவர் அஸ்திவாரத்துக்குத் திருப்புங்க, தளம் நாளைக்கு"ன்னு ஒரு சத்தம், என் பக்கம் திரும்பி "அடுத்த கட்டடத்துக்கும் உன் வரைபடம்தான்", இதுக்குத்தானே எட்டு மாசம் நாயா அலைஞ்சேன், "அது சரி, அறை நகர்ந்தா ஓட்டையும் நகரணும்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ங்கிறார், "எல்லாம் பொண்ணோட மூளை சார்"னு மேஸ்திரி என்னவோ தன் பொண்ணு பாஸானாப்பல பூரிக்கிறார், நான் தலையாட்டுறேன், எப்படித் தெரிஞ்சுது... ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கிட்டே, ரூம் நகர்ந்தா மேல ஓட்டையும் நகரும், இதைக்கூட அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஊட்டி விடணுமான்னு கேலி பண்ணினது யாரு, இந்த மேஸ்திரிதானே, சிரிச்சுக்கிட்டே தட்டி ஏத்தினேனே, யார் எந்த வேலை செய்யணும்னு எழுத இடம் வச்சேன், யார் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்னு எழுத ஒரு கட்டம்கூட வைக்கலையே, அவருக்கே மறந்து போச்சு, சொல்லிடலாம், இப்பவே, சார் கையை நீட்டுறார், நான் குலுக்குறேன், இன்னும் சொல்லலை.