சுவரை விட்டவன்

அன்று காலை, எரிந்த மூன்றாவது மாடியில் இருந்தவர்கள்:

எங்கள் நிலைய அதிகாரி. முதுகுக்குப் பின்னால் வாத்தியார், முகத்துக்கு நேரே சார்.
விசாரணைக்கு வந்த கோட்ட அதிகாரி.
தீயணைப்பாளன் சுருட்டை.
சுருட்டையின் அக்கா. செத்துப்போன நெட்டையனின் மனைவி.
கட்டடத்தின் காவலாளி, சாவிக்கொத்தும் முனகலுமாக.
பம்ப் வண்டி ஓட்டும் நான்.

நெட்டையன் போய்விட்டான். எப்படிப் போனான் என்று பார்க்கத்தான் வந்திருந்தோம்.

அது செருப்புக் கிடங்கு. ரப்பர் உருகித் தரையில் ஓடி, மறுபடி இறுகிக் கிடந்தது. நடந்தால் பூட்ஸ் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் வெளிச்சம் கீற்றுக் கீற்றாகத்தான் விழுந்தது. கோட்ட அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு லிப்ட் எங்கே என்று கேட்டார்.

"எரிஞ்சு போன கட்டடத்துல லிப்ட் கேக்குறாரு," என்று காவலாளி என் காதில் சொன்னார். "அடுத்து ஏசி கேப்பாரு பாருங்க."

அக்கா தம்பியிடமிருந்து தள்ளி நின்றாள். அவன் ஓரடி கிட்டே வந்தால் இவள் ஓரடி நகர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்த அன்று சுருட்டை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "ரெண்டு பேரா போனீங்க, நீ மட்டும் எப்படிடா வந்தே?" அன்றிலிருந்து அவன் நிலையத்திலேயே கிடந்தான். சோற்றைப் பிசைவான், எழுந்துவிடுவான். மற்றவர்கள் அவன் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. ஆனால் நடந்தது.

காரணம் வாத்தியார் கொடுத்த வாக்குமூலம்.

புகைக்குள் கண் கிடையாது. கைவிரல் தெரியாது. அதனால் வாத்தியார் எங்கள் எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் முதலில் சொல்லித் தந்தார். உள்ளே நுழைந்ததும் இடது கையைச் சுவரில் வை. எடுக்காதே. சுவர் எங்கே போகிறதோ அங்கே போ. எந்தச் சுவரும் கடைசியில் கதவுக்குத்தான் வரும். "சுவரை விட்டவன் செத்தவன்" என்பார். முகமூடிக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி, எங்களைக் குருடாக்கி, முழங்கால் தேயும்வரை நிலையத்தைச் சுற்ற வைப்பார். தானும் கூடவே தவழுவார். மேலே நின்று அதிகாரம் பண்ணுகிற ஆள் இல்லை. அவரிடம் கற்றவர்கள் எத்தனையோ தீயிலிருந்து முழுசாக வெளியே வந்திருக்கிறோம். அதனால்தான் அவர் சொன்னதை யாரும் இரண்டாவது முறை யோசித்ததில்லை.

நெட்டையன் அவருடைய செல்லப்பிள்ளை. புதிதாக வருகிறவர்களுக்குச் செய்து காட்ட அவனைத்தான் கூப்பிடுவார். அவன் வீட்டில் வாத்தியாருக்கென்று ஒரு தட்டு உண்டு. அக்கா அவரை அண்ணே என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார்.

தீப்பிடித்த அன்று நெட்டையனும் சுருட்டையும் ஜோடியாக உள்ளே போனார்கள். இடது கை சுவரில். பாதி தூரத்தில் நடுவிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஆள் இருக்கிறது என்று நெட்டையன் சுவரை விட்டு நாலைந்து எட்டு குறுக்கே போனான். ஆள் இல்லை. சூட்டில் வெடித்துக்கொண்டிருந்த பசை டப்பாக்கள். சுருட்டை சொன்னது இது: "மாமா அங்கேருந்து கத்தினார். 'சுவர் கிடைச்சிருச்சு மச்சான், நீ உன் சுவரைப் பிடிச்சுட்டு வா, கதவுகிட்ட பாக்கலாம்'னு."

சுருட்டை தன் சுவரைப் பிடித்துக் கதவுக்கு வந்துவிட்டான். நெட்டையன் வரவில்லை. சுருட்டையின் முதுகிலிருந்த உருளையில் காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்க ஆரம்பித்தது. திரும்பி உள்ளே ஓடப் பார்த்தவனை இரண்டு பேர் கட்டிப்பிடித்து இழுத்தார்கள்.

கீழே பம்ப் வண்டியில் என் பக்கத்தில் நின்று வாத்தியார் வாக்கி டாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். நெட்டையன் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "சுவர்ல இருக்கேன் சார். வந்துக்கிட்டே இருக்கேன்." வாத்தியார் சொன்னார்: "கையை எடுக்காதே. அப்படியே வா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "இன்னும் கதவு வரலை சார்." மறுபடி இவர்: "வரும். எடுக்காதே."

அதற்குப் பிறகு விசில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அடுத்த குழு போய்த் தூக்கி வந்தபோது மாடியின் நடுவில் கிடந்தான். நடுவில் கிடந்தானா? அப்படியென்றால் சுவரை விட்டுவிட்டான். வாத்தியார் விசாரணையில் அதைத்தான் சொன்னார். கடைசி நேரத்தில் பயந்து கையை எடுத்திருக்கிறான். சுவர் கிடைத்தது என்று அவன் கத்தியதாகச் சுருட்டை சொல்வது தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள. கிடைத்திருந்தால் வந்திருப்பான். கூட்டாளியை விட்டுவிட்டு ஓடி வந்தவன் வேறென்ன சொல்வான்?

கோட்ட அதிகாரிக்கு அது போதும். இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் சுருட்டைக்கு வேலை போகும். அவனுக்கு வேலையைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை வரச் சொல்லிக் கெஞ்சியதும் அவன்தான்.

"எங்கேருந்து கத்தினான்னு காட்டு," என்றார் வாத்தியார்.

சுருட்டை வெளிச்சுவரில் ஓர் இடத்தைக் காட்டினான். "நான் இங்க. மாமா அந்தப் பக்கமா போனார்."

"சரி. இப்ப பாத்துருவோம். சுவர் கிடைச்சவன் எவ்வளவு நேரத்துல வெளிய வருவான்னு நானே காட்டறேன்." பையிலிருந்து டேப் ஒட்டிய முகமூடியை எடுத்தார்.

"இதெல்லாம் வேணுமா?" என்றார் கோட்ட அதிகாரி.

"தங்கச்சி பாக்கட்டும் சார். நான் சொன்னது பொய் இல்லைன்னு தெரியட்டும்."

முகமூடியை மாட்டிக்கொண்டார். முழங்காலிட்டார். சுருட்டை காட்டிய திசையில், எரிந்த அலமாரிகளுக்கு இடையே குறுக்கே தவழ்ந்தார். இடது கையை நீட்டித் துழாவினார். கரி பிடித்த சுவரில் உள்ளங்கை பட்டது.

"இதோ சுவர்," என்றார் முகமூடிக்குள்ளிருந்து. பாடம் நடத்துகிற அதே குரல். "பாருங்க, அவசரமே இல்லை. கை சொல்லும், உடம்பு கேக்கும்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வெளிச்சுவர் இல்லை. தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் மேலே போவதற்காக மாடியின் நடுவில் எழுப்பிய நான்கு சுவர்கள். அதற்குள் போகிற கதவு கீழ்மாடியில் இருக்கிறது. இந்த மாடியில் அது கதவே இல்லாத வெறும் சுவர்க்கட்டு. வாசலிலிருந்து பார்த்தால் பருத்த தூண் மாதிரி தெரியும். வந்தவர் எல்லோரும் அதைப் பார்த்தோம். யாருக்கும் அது சுவராகத் தோன்றவில்லை.

"மூலை," என்றார் வாத்தியார். திரும்பினார். "அடுத்த மூலை. இனி நேரா கதவுதான்."

காவலாளி வாயைத் திறந்தார். "சார், அது வந்து..."

அக்கா கையை உயர்த்தினாள். "பேசாதீங்க."

இன்னொரு மூலை. இன்னொன்று. புறப்பட்ட இடத்துக்கே வந்து, தெரியாமல் அதைத் தாண்டிப் போனார். எங்களுக்கு நாலு எட்டுத் தூரத்தில் கடந்தார். மூச்சு வாங்குவது கேட்டது. கோட்ட அதிகாரி ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"விடுங்க," என்றாள் அக்கா. "நடக்கட்டும்."

இரண்டாவது சுற்றில் பேச்சு குறைந்தது. "மூலை" என்று மட்டும் சொன்னார். வெளிச்சக் கீற்று விழுந்த பக்கத்தில் அப்போதுதான் நான் அதைக் கண்டேன். கரியில் ஒரு தடம். தவழ்கிறவனின் கை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சுவர் நெடுகக் கரி வழித்து எடுக்கப்பட்டிருந்தது. ஒரு முறை வழித்ததுபோல இல்லை. நாலைந்து முறை, ஒன்றின் மேல் ஒன்றாக. வாத்தியாரின் கை அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

சுருட்டையும் பார்த்துவிட்டான். சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

மூன்றாவது சுற்றில் வாத்தியார் ஒரு மூலையில் நின்றார். கையை முன்னும் பின்னும் தேய்த்து அந்த மூலையைத் தடவிப் பார்த்தார். அறைக்குள் இருக்கிறவனுக்கு மூலை குழிவாக வரும். இது முட்டிக்கொண்டு வெளியே நின்றது. மூன்று சுற்றும் எல்லா மூலையும் அப்படித்தான் வந்திருக்கும். அதை எங்களில் யாருக்கும் அவர் சொல்லித் தந்ததில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முகமூடியைக் கழற்றவில்லை. கையையும் எடுக்கவில்லை. அப்படியே மண்டியிட்டிருந்தார்.

நான்தான் போய்க் கழற்றினேன். முகம் வேர்த்து வெளிறியிருந்தது. கண்ணெதிரே அந்தத் தடம். தன் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"எடுக்கவே இல்லை," என்றார். "பாவி, கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை."

"அவருக்கு வாயில சொன்னா போதும் சார்," என்றாள் அக்கா. "வேலை விஷயத்துல நீங்க சொன்னதை அவரு மீறினதே இல்லை."

அண்ணே என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

கோட்ட அதிகாரி தொண்டையைச் செருமினார். "விதிப்படிதானே சொல்லிக் குடுத்திருக்கீங்க. உங்க மேல தப்பு வராது. விபத்துன்னு முடிச்சிரலாம்."

"நான் குடுத்த வாக்குமூலத்தை மாத்தணும்."

"எதுக்கு? தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதையா..."

"மாத்தணும் சார். பையன் பொய் சொல்லலை. அவன் மாமாவும் பயப்படலை. எடுக்காதேன்னு ரெண்டு வாட்டி சொன்னது நான். அதையும் எழுதிக்குங்க."

படியிறங்கும்போது சுருட்டையின் தோளில் கை வைக்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு டியூட்டிக்கு வந்துரு."

"வந்து? யாரோட உள்ள போக சார்?"



அக்காவையும் தம்பியையும் வீட்டில் விட நிலைய ஜீப்பில் நான்தான் கூட்டிப் போனேன். அக்கா பின்சீட்டில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை. அவ்வளவுதான். சாய்ந்துகொள்ளவுமில்லை, கையைப் பிடிக்கவுமில்லை.

வீடு ஒரு நீள வராந்தாவின் கடைசியில் இருந்தது. வாத்தியாரும் தன் பைக்கில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வர வேண்டாமென்று சொல்லவும் யாருக்கும் தெம்பில்லை. அக்கா கதவைத் திறந்தாள். சுருட்டை வெளியே நின்றான், யார் வீட்டிலோ வாசலில் நிற்கிறவன் மாதிரி.

"என்னடா நிக்கிறே? உள்ள வா."

"அக்கா, நான் காத்திருந்திருக்கணும். கூடவே போயிருக்கணும்..."

"வாயை மூடு. போயிருந்தா நான் ரெண்டு பேருக்கு அழுதிருக்கணும். உள்ள வா."

அவன் போனான். வாத்தியார் ஒரு காலை வாசற்படியில் வைத்தார்.

"நான் ஒரு நிமிஷம்... உன்கிட்ட..."

"என்கிட்ட வேணாம் சார். அங்கேயே சொல்லிட்டீங்க, கேட்டுட்டேன். உங்களைத் திட்டவும் எனக்கு இப்ப சக்தி இல்லை. அவன் ஒழுங்கா சாப்பிட்டு நாளாச்சு. நீங்க போங்க."

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் காலை எடுத்துக்கொண்டார். சுருட்டை உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அதன் மேல் சாவியும் திரும்பியது.