ஜோதி சேர்த்து வைத்த லீவு

எங்கள் தையல் கம்பெனியில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள். வாங்கியதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடமாக எவளும் அந்தத் தாளைப் படித்ததில்லை. கால் கிலோ மைசூர்பாகுக்குப் போடுகிற கையெழுத்தில் படிக்க என்ன இருக்கிறது?

போன தீபாவளிக்கு எங்களிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்தவள் ஜோதி. வேப்பந்தட்டைக்காரி, எங்கள் லைன் லீடர். முதல் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு, மிஷின் ஓடும்போதே அறுபது பேரிடமும் அவசர அவசரமாக வாங்கினாள்.

பொங்கல் கழிந்ததும் நோட்டீஸ் ஒட்டினார்கள். வருடத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்த லீவு இனிப் பன்னிரண்டு. சேர்த்து வைத்த பழைய லீவு செல்லாது. ஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காய்ச்சலுக்குக்கூட லீவு போடாமல் மூன்று வருடத்தில் ஐம்பது நாள் சேர்த்தவள் அவள். எல்லாம் மகள் மஞ்சுவுக்காக. நாலு வயது, பிறவியிலேயே காது கேட்காது. கார்த்திகையில் திருச்சியில் ஆபரேஷன் செய்து மிஷின் மாட்டினார்கள். மாட்டினால் மட்டும் போதாதாம். ஒரு வருடம், வாராவாரம் புதன்கிழமை, தாயும் பிள்ளையும் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இந்த வயதில் விட்டால் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மேனேஜர் சுரேஷ்குமாரிடம் நானும் கூடப் போனேன். மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. ஸ்வீட் பாக்ஸ் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மேலே பொடி எழுத்தில், இங்கிலீஷில் நாலு வரி. லீவைக் குறைக்கச் சம்மதம் என்று அர்த்தமாம்.

"நீங்கதானம்மா எல்லார்கிட்டயும் வாங்கிக் குடுத்தீங்க?" என்றார்.

பெரம்பலூரில் தொழிலாளர் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். இப்படிச் செய்யக்கூடாதுதான், எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுங்கள், விசாரணை முடிய ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். அந்த ஒரு வருடம்தானே மஞ்சுவுக்கு வேண்டும்!

ஆனாலும் மறுநாள் மனுவோடு லைனில் சுற்றினோம். ஜோதி நீட்டிய பேனாவை ஒருத்தியும் தொடவில்லை.

"ஒருவாட்டி நீ சொல்லிப் போட்டதே போதும்டி," என்றாள் வேணி, முகத்துக்கு நேரே. நல்லவள்தான் அவள். அன்றைக்கு அவளை அறைந்திருப்பேன். ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லையே.

பன்னிரண்டு புதன்கிழமையோடு லீவு தீர்ந்தது. அதற்குமேல் போட்டால் வேலை போய்விடும். வேலையை விட்டுவிடு என்றேன். லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிற புருஷனுக்கும் பிள்ளைக்கும் யார் சோறு போடுவது என்று கேட்டாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். "மா" என்று சொல்லத் தொடங்கியிருந்த மஞ்சு இப்போது அதையும் சொல்வதில்லை. பயிற்சியில் காட்டியபடி, உதடு தெரியாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஜோதி அவள் பெயரைக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. காதிலிருந்து மிஷினைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தது.

பிறகு நிம்மதியாக விளையாடப் போய்விட்டது.