முட்டை சேராத சுவர்

கூடத்துச் சுவரின் மண்பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. மழைக்கு முன் சுண்ணாம்புச் சாந்து பூசிவிடுவதென்று ராஜமதி முடிவெடுத்தாள். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் பார்க்கும் அவள் கணவர் சாந்திராஜுக்கு வீட்டு வேலை என்றாலே தலைவலி. "ஆள் பாக்கறதெல்லாம் நீயே பாத்துக்கோ" என்று ஒதுங்கிக்கொண்டார். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க அலைந்த காலம் அது. சுண்ணாம்புதான் எளிதாகக் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சுவர் மினுமினுக்க வேண்டுமென்று மேஸ்திரிகள் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலப்பார்கள். ராஜமதியுடையது ஜைனக் குடும்பம்; பொழுது சாய்ந்தால் சோறுகூடத் தொடாத வீடு. தீர்த்தங்கரர் படம் மாட்டுகிற சுவரில் முட்டையா?

முதலில் ஜெயராமன் மேஸ்திரி வந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "முட்டை வேணாமா? சரிம்மா, போடல" என்றார்.

"போடாம மினுக்கு வருமா?"

"அதெல்லாம் கண்ணாடியாட்டம் வரும்மா. எங்கிட்ட விட்டுட்டீங்க இல்ல?"

மறுநாள் காஸ்பர் மேஸ்திரி வந்தார். சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்தார். முட்டை என்றதும் யோசித்தார்.

"இதுவரைக்கும் முட்டை போட்டுத்தாம்மா பூசியிருக்கறேன். வேணாம்னா விட்டுடறேன். கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியில குழைச்சா கெட்டியா நிக்கும். ஆனா அந்த மினுக்கு வராது. அப்புறம் எம்மேல குத்தம் சொல்லக் கூடாது."

அவர் பூசிய வீடு ஒன்றைப் பார்க்க ராஜமதி சிங்கவரத்துக்கே போய்வந்தாள். அந்த வீட்டு ராயம்மாள், "கோவக்காரரும்மா. ஒரு வார்த்தை தாங்க மாட்டாரு. ஆனா மழையில ஒரு மூலை ஊறிச்சின்னு சொல்லியனுப்பினேன், அன்னிக்கே வந்து நின்னாரு" என்றாள்.

"ஜெயராமன் மினுக்கும் வரும்ன்றான், அவனையே வெச்சிக்கலாமே?" என்றார் சாந்திராஜ்.

"எல்லாம் வரும்னு சொல்றவரு எனக்கு வேணாங்க. எது வராதுன்னு சொன்னவரு போதும்" என்றாள்.

வேலை தொடங்கியது. ஒருநாள் காஸ்பர் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருந்தார். ராஜமதி சமையலறையில் இருந்தாள். மத்தியானம் திரும்பி வந்தவர் சமையலறை வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சி. நம்ப இளையபெருமாளு பழக்கதோஷத்துல சாந்துல முட்டைய ஊத்திட்டாரு. கிழக்குச் சுவர்ல பாதி பூசியாச்சி."

வெகுநாளாக அவரோடு வேலை செய்யும் இளையபெருமாள், கொத்துக்கரண்டியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். அவள் சுவரைப் போய்ப் பார்த்தாள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

"தொட்டியில இருந்தத வெளிய கொட்டிட்டேன். சுவரைச் செங்கல் தெரியற வரைக்கும் சுரண்டிடறேன். புதுச் சுண்ணாம்பு எம் பொறுப்பு" என்றார் காஸ்பர்.

"சரி மேஸ்திரி. அவரைத் திட்டாதீங்க. வேணும்னா செஞ்சாரு?"

அவர்கள் சுரண்டி முடித்ததும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து சுவரை அவளே கழுவினாள்.

சாயங்காலம் வந்த சாந்திராஜ் திகைத்துப்போனார். "இன்னா இது, பழைய சுவரே தேவல போலிருக்குதே?" நடந்ததைக் கேட்டதும், "ஆளை மாத்திடலாமா?" என்றார்.

"இவரை விட்டுட்டு எங்க போய்த் தேடறது?" என்று சொல்லிவிட்டு, பொழுது இருக்கும்போதே இலை போட்டாள்.

ஐப்பசி மழைக்கு முன் பூச்சு முடிந்தது. சுவர் மினுமினுக்கவில்லை, கடைந்த மோரைப்போல மங்கிய வெள்ளையாக நின்றது. படத்தை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்த ராஜமதிக்கு மனம் நிறைந்திருந்தது. வீட்டின் பின்கட்டைப் பூசும் வேலையையும் காஸ்பரிடமே ஒப்படைத்தாள்.

அந்த வேலை நடக்கும்போதே மேல்சித்தாமூரில் ஜைன மடத்துத் திருவிழா வந்தது. இருவரும் ஏறிய பஸ் கிளம்பிய பிறகுதான் சாந்திராஜுக்கு நினைவு வந்தது.

"வீட்டைப் பூட்டிட்டியா?"

"வேலை நடக்குது இல்ல? சாவி மேஸ்திரிகிட்ட இருக்குது."

"அவருகிட்டன்னா சரி" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் அவளுக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.